குதிரை லாரி வீட்டுக்கு நான் போட்ட விலை

பழைய வண்டிக்கு விலை சொல்லும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு எழுதுவது.

போன வாரம் டீக்கடையில் என்னைப் பிடித்து உட்காரவைத்து, "அங்கிள், நீங்க போட்டதிலேயே பெரிய விலை எது?" என்று கேட்டீர்கள். வேலையை விட்டு இத்தனை காலம் ஆன பிறகு ஒருவர் என்னிடம் வந்து எதையாவது கேட்பது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உங்களுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். பெரிய விலை ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. தப்பாகப் போட்ட ஒரு விலைதான் வந்து வந்து நிற்கிறது. அதையே எழுதுகிறேன். இந்தப் பர்மாவிலேயே பிறந்த உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் காதில் ஏறும், நாக்கில் வராது. எழுத்துக்கூட்டத் தெரிந்தவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்ஜின் சத்தத்தை எப்படிக் கேட்பது, பெயின்ட்டுக்கு அடியில் துருவை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அது கை பழகினால் வந்துவிடும். கை பழகி, கண் தேறி, தலைக்கனமும் கொஞ்சம் ஏறின பிறகு ஒருவன் எப்படிக் கவிழ்கிறான் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று. நான் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிற ரகம். மிஷன் பள்ளியில் வாத்தியார் என் பெயரை இரண்டு தடவை கூப்பிடுவார். முதல் தடவை எழுப்புவதற்கு. அப்பா கிளார்க். நானும் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவேன் என்று நம்பியிருந்தார். எனக்கோ வண்டிகள்மேல் ஆசை. அதுவும் ஓடுகிற வண்டி இல்லை. ஓடி முடித்து மர நிழலில் சும்மா நிற்கிற வண்டி. அதன் பக்கத்தில் நின்றால் எங்கெங்கோ போய் வருவேன். இந்தப் புத்தியோடு பசுந்தாங்கில் ஒரு பழைய வண்டி யார்டில் விலை சொல்பவனாகச் சேர்ந்தேன். எங்கள் யார்டு தனக்கென்று எதையும் வாங்காது. அதனால் நாங்கள் எழுதித் தருகிற மதிப்புச் சீட்டுக்கு ஊரில் நல்ல மரியாதை. பபேடான் கடைத்தெருவில் சீட்டில் என் கையெழுத்தைப் பார்த்தால் பேரம்கூடப் பேச மாட்டார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில், இருபத்தேழு வயதில், ஒருவனைக் கெடுக்க இது போதாதா?

சித்திரையில் தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம் ஒருவர் யார்டுக்கு வந்தார். குள்ளமான ஆள், கால்கள் லேசாக வளைந்திருந்தன. பெயர் சின்னையா. அவருடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். இவர் குதிரைப் பக்கம் போய்விட்டார். பந்தயக் குதிரைகளைப் பார்த்துக்கொள்வதும், அவற்றை ஏற்றிப்போகும் லாரியை ஓட்டுவதும் இவர் வேலை. சத்தமே போடாமல் பேசுவார். குதிரைகளோடு பழகினவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"சார், வந்து பாத்து ஒரு வெல எழுதித் தரணும். எங்க மொதலாளி குதிரையெல்லாம் வித்துட்டு ஊருக்குக் கப்பலேறிட்டாரு. லாரிய நீயே வச்சுக்கன்னு குடுத்துட்டாரு. மூணு வருஷமா அது வீடா இருக்கு சார். நானே கட்டினது."

"வீடா, வண்டியா? எனக்கு வண்டிக்குத்தான் விலை சொல்லத் தெரியும்."

"ரெண்டும்தான் சார்" என்றார்.

ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். அவருடைய மனைவி மா கின் பர்மியப் பெண். அவள் பெயரில் தாகேதாவில் ஒரு மனை கிடைத்திருந்தது. மழைக்காலம் தொடங்குவதற்குள் அந்த மனையில் வீடு எழும்பி நிற்க வேண்டும். இல்லையென்றால் வரிசையில் காத்திருக்கும் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். லாரியையே அங்கே கொண்டுபோய் நிறுத்திக்கொள்கிறேன் என்று இவர் அந்த வட்டாரத்து அதிகாரியிடம் கேட்டிருக்கிறார். அவர் சிரித்துவிட்டு, "சக்கரம் இருக்கிறதெல்லாம் வீடு இல்லை" என்று சொல்லிவிட்டாராம். லாரியை விற்றால்தான் மரம் வாங்கலாம், தகரம் வாங்கலாம். மா கின்னுக்கு ஏழாவது மாதம். இருவருக்கும் சொந்தம் என்று வேறு கூரை கிடையாது.

மறுநாள் மத்தியானம் போனேன். பந்தய மைதானத்துக்குப் பின்புறம் ஒரு பெரிய வேங்கை மரம். மூன்று குதிரை ஏற்றுகிற லாரி அதன் கீழே நின்றது. மரம் பூத்து ஓய்ந்திருந்தது. லாரியின் கூரை, பானெட், தரை எங்கும் மஞ்சள் பூ. பின்பக்கம் குதிரை ஏறுகிற சாய்பலகை இறக்கப்பட்டிருந்தது. அதில் ஏறி உள்ளே போனேன். என்னுடைய வேலை அந்த நிமிஷத்திலேயே முடிந்துபோனது, எனக்குத்தான் தெரியவில்லை.

உள்ளே பச்சை வெளிச்சம். குதிரைகளுக்குக் காற்று வருவதற்காக வைத்த நீளமான திறப்புகளுக்குச் சின்னையா பழைய கண்ணாடி போட்டு, பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார். முதல் குதிரை நின்ற இடத்தில் அடுப்படி. நடுக் குதிரை நின்ற இடத்தில் உட்கார ஒரு பலகை, அதைத் தூக்கினால் துணி வைக்கிற பெட்டி. மூன்றாவது குதிரையின் இடத்தில் கட்டில். தீவனத் தொட்டியில் பாத்திரங்கள் கவிழ்த்திருந்தன. குதிரையைக் கட்டுகிற வளையங்களில் துண்டு, லொன்ஜிக் கைலி, முறம், ஒரு வெங்காயச் சரம். மூலையில் உயரமாக ஒரு தட்டு. அதில் புத்தர், பக்கத்தில் சின்னையாவின் முருகன் படம். தரை முழுக்கச் சிவப்பு லினோலியம் விரிப்பு, கண்ணாடி மாதிரித் துடைத்து வைத்திருந்தாள் மா கின்.

அவள் டீ கொடுத்தாள். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது: விலை எழுதி முடிக்கும் வரை அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. நான் வாங்கிக் குடித்தேன். பிறகு கட்டில் உறுதியாக இருக்கிறதா என்று பார்க்க உட்கார்ந்தேன். பிறகு நீளம் போதுமா என்று பார்க்கப் படுத்தேன்.

சிரிக்காதீர்கள். படுத்ததும் தலைக்குமேல் கூரையில் பூ விழுகிற சத்தம் கேட்டது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. பழைய வைக்கோல் வாசனை, டீ வாசனை, எங்கோ தூரத்தில் ஒரு பஸ் ஹார்ன். லாரி லேசாக ஆடுவது போல இருந்தது. எனக்குப் பக்கத்தில் மூன்று குதிரைகள் நின்று மூச்சு விடுவதாகவும், நாங்கள் எல்லோரும் ஏதோ ஆற்றோரமாக மெதுவாகப் போய்க்கொண்டிருப்பதாகவும் கண்டேன். கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. எனக்கு ஒரு போர்வை போர்த்தியிருந்தது. சின்னையா சாய்பலகையில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, எழுப்பியிருக்கலாமே" என்றேன்.

மா கின் 'சார்' என்பதற்கு மட்டும் பர்மியச் சொல் போட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: "பரவால்ல ஸயா. இவரு குதிரையும் இங்க நல்லா தூங்கும்."

அந்த மயக்கம் தெளிவதற்கு முன்பே பேனாவைத் திறந்தேன். ஆறாயிரம் கியாட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். லினோலியத்தின் ஒரு மூலையைக்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை. எனக்கு வந்த தூக்கத்துக்கு நான் விலை போட்டேன், அவ்வளவுதான். திரும்பி வரும்போது ஒரு நல்ல காரியம் செய்த நிறைவு வேறு.

இரண்டே நாளில் ஒருவர் வந்தார். ஊ தெய்ன் என்று பெயர். பசுந்தாங் ஓடைக்கரையில் மர மில் வைத்திருந்தவர், நெட்டையான மனிதர். உள்ளே ஏறாமலே இன்ஜினை ஓடவிட்டுக் கேட்டார், சக்கரங்களைப் பார்த்தார், மூவாயிரத்து ஐந்நூறு தருகிறேன் என்றார். அது நல்ல விலை. இன்று சொல்கிறேன், அது நியாயத்துக்கும் கொஞ்சம் மேலான விலை. சின்னையா என் சீட்டைக் காட்டினார். ஊ தெய்ன் அதைப் படித்துவிட்டு, "அப்படியானால் இது எனக்கான வண்டி இல்லை" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சிரித்தார். இன்னொருவர் சிரிக்கக்கூட இல்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. மே மாதம், வானம் கறுக்கத் தொடங்கின பிறகு சின்னையா யார்டுக்கு வந்தார். சண்டை போட வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சார், சீட்டுல இருக்குற வெலைக்கு இன்னும் ஆள் வரல. மூவாயிரத்தி ஐநூறுக்கு ஒருத்தர் கேட்டாரு, உங்க சீட்ட நம்பி வேணாம்னுட்டேன். மனை ஆபீஸ்ல இன்னும் ரெண்டு வாரந்தான்னு சொல்றாங்க. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாங்களா?"

அவர் என்னைக் குற்றம் சொல்லவே இல்லை. என் கையெழுத்து தப்பாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவரோடு அப்போதே கிளம்பிப் போனேன்.

போய்ப் பார்த்தால், என் சீட்டு புத்தர் தட்டில் இருந்தது. ஒரு சின்னக் கிண்ணத் தண்ணீருக்கும் மல்லிகைப் பூவுக்கும் நடுவில் நிமிர்த்தி வைத்திருந்தாள் மா கின். தினமும் பூ மாற்றுகிறாளாம். எத்தனையோ இடத்தில் எத்தனையோ சீட்டு எழுதியிருக்கிறேன். கிழித்தவர்கள் உண்டு, என் முகத்திலேயே விட்டெறிந்தவர்களும் உண்டு. அதற்கெல்லாம் கூசாத நான் அன்று அந்தப் பூவைப் பார்த்துக் கூசிப்போனேன்.

முழங்காலிட்டு லினோலியத்தின் மூலையைத் தூக்கினேன். கீழே பலகை கறுத்திருந்தது. விரலை வைத்து அழுத்தினேன். விரல் உள்ளே போனது. குதிரை மூத்திரம், பிள்ளைகளே. வருஷக் கணக்காக மூன்று குதிரைகளின் மூத்திரம் ஊறின பலகை. அதன்மேல் சின்னையா அழகாக லினோலியம் விரித்து ஆணி அடித்திருந்தார். ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே மக்கியிருந்தது. அவர் நல்லதுக்குத்தான் செய்தார். தனக்காகச் செய்கிறவர்கள் எல்லோருமே நல்லதுக்குத்தான் செய்கிறார்கள்.

பிறகு எழுந்து, முதல் நாள் பார்த்திருக்க வேண்டியதையெல்லாம் பார்த்தேன். கட்டிலைச் சுவர்ச் சட்டத்தோடு சேர்த்து முடுக்கியிருந்தார். கழற்ற வேண்டுமென்றால் சட்டத்தை அறுக்க வேண்டும். அடுப்படித் தட்டுகள் மா கின்னின் கை உயரம். மேலே குறுக்காகப் போன சாமான் பரண் சின்னையாவின் தலைக்கு ஓர் அங்குலம் மேலே. வேறு யார் இங்கே வந்து வாழ முடியும்? குதிரை வைத்திருப்பவனுக்கு இந்த வீடு இடைஞ்சல். சரக்கு ஏற்றுகிறவனுக்கும் இடைஞ்சல். வாங்குகிறவன் முதலில் செய்யப் போவது இதையெல்லாம் பிய்த்துப் போடுவதுதான். அந்தக் கூலியையும் விலையில் கழித்துக்கொண்டுதான் தருவான். அவர்கள் மூன்று வருஷமாகக் கட்டிய ஒவ்வொரு பலகையும் விலையைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. இதை ஒருவரிடம் எப்படிச் சொல்வது?

சொல்லாமல் தப்பிக்க ஒரு வழி இருந்தது. எங்கள் தொழிலில் எப்போதும் கைவசம் ஒரு பொய் இருக்கும்: "மார்க்கெட் விழுந்துவிட்டது." அதைச் சொன்னால் யாரும் யாரையும் கோபிக்க முடியாது. நாக்கு நுனி வரை வந்தது. மா கின் மறுபடியும் டீயோடு நின்றிருந்தாள். இந்தத் தடவை வாங்கவில்லை.

"சின்னையா, நான் தப்பா எழுதிட்டேன்" என்றேன். "மார்க்கெட் மேல தப்பு இல்ல, உங்க மேலயும் இல்ல. நான் தரையைப் பார்க்கல. தூங்கிட்டு எழுதினேன். அந்த மூவாயிரத்து ஐந்நூறே அதிகம். அதை என் சீட்டு கெடுத்துடுச்சு."

மா கின்னுக்கு பர்மியத்தில் ஒரு தடவை சொன்னேன். அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு, தட்டில் இருந்த சீட்டை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் கொடுத்தாள். அந்தச் சீட்டை எப்படி வாங்கினேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

சின்னையா கேட்டார்: "மில்லுக்காரர மறுபடி கூப்புட்டா வருவாரா சார்?"

"நான் போய்க் கூப்பிடறேன்."

"அப்ப..." என்று தரையைப் பார்த்தார். "லினோலியத்த பழையபடி விரிச்சிடவா? அவரு அன்னிக்கி உள்ளயே ஏறல."

பிள்ளைகளே, இந்த இடத்தில் நில்லுங்கள். எதிரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். இரண்டு வாரத்தில் மனை போகும். கெடுத்தது நான். மூலையை மடக்கி நாலு ஆணி அடித்தால் எல்லாம் சரியாகிவிடும் போல இருந்தது. என் தப்பை ஊ தெய்னின் தலையில் இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். நான் ரொம்ப நல்லவன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சுத்தியல் எங்கே இருக்கிறது என்று கண் தேடியது. ஆனால் அப்படிச் செய்தால் நான் எழுதுகிற எந்தச் சீட்டையும் இனி நானே நம்ப மாட்டேன் என்று பயம் வந்துவிட்டது.

"விரிக்காதீங்க" என்றேன். "சுருட்டி வெளியே வையுங்க."

மறுநாள் காலை மர மில்லுக்குப் போய் ஊ தெய்னிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மக்கின தரையையும் சொன்னேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "விலை சொல்கிறவன் தன் சீட்டைத் தானே திருப்பி வாங்கி நான் பார்த்ததில்லை" என்றார் பர்மியத்தில். வந்தார். உள்ளே ஏறினதும் பரணில் மடாரென்று தலையை இடித்துக்கொண்டார். குனிந்தபடியே சுற்றிப் பார்த்தார், தரையைக் காலால் அழுத்திப் பார்த்தார், நெற்றியைத் தடவிக்கொண்டே இறங்கினார்.

"எனக்கு வேண்டியது இன்ஜினும் சக்கரமும் அடிச்சட்டமும்தான். மரக்கட்டை ஏற்ற மேலே இருக்கிற இந்தக் குதிரைப் பெட்டி உதவாது. சட்டத்துக்கு மட்டும் இரண்டாயிரத்து இருநூறு தருகிறேன். பெட்டியை நீங்களே கழற்றி எடுத்துக்கொண்டு போங்கள். விறகுக்காவது ஆகும்."

நான் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்து இருநூறில் மரம், தகரம், ஆசாரி கூலி, பிரசவச் செலவு. எப்படிப் போட்டாலும் வீடு பாதியில் நின்றது. சின்னையாவும் அதையே கணக்குப் போட்டிருப்பார், முகம் தொங்கிவிட்டது. அப்போது மா கின் சாய்பலகையின் நடுவில் நின்றுகொண்டு பர்மியத்தில் கேட்டாள்:

"பெட்டி எங்களுக்கா?"

"ஆமாம்."

"முழுசாகவா?"

"முழுசாக எடுத்துக்கொண்டு போனாலும் சரி, உடைத்து எடுத்தாலும் சரி" என்றார் ஊ தெய்ன்.

அவள் கொஞ்ச நேரம் எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். வயிறு குலுங்கச் சிரித்தாள். "சக்கரம் இவர் எடுத்துக்கொள்கிறார்" என்றாள் புருஷனிடம். "சக்கரம் போனால் பிறகு என்ன இருக்கும்?"

வண்டி வண்டி என்று பார்த்துப் பழகின எனக்கு அது விளங்க ஓர் அரை நிமிஷம் ஆயிற்று. சக்கரம் இருக்கிறது என்றுதானே அந்த அதிகாரி இதை வீடு இல்லை என்றார்? விற்கப் போனால் ஒரு காசு பெறாத பொருள், விற்காமல் வைத்துக்கொண்டால் முழு வீடு. நான் இரண்டையும் ஒன்றாகப் போட்டு ஒரு விலை எழுதினவன்.

மரக்கட்டை ஏற்றி இறக்க ஊ தெய்னின் மில்லில் ஓடையை ஒட்டி ஒரு சங்கிலிக் கப்பி உண்டு. லாரியை அங்கே ஓட்டி வருவது, பெட்டியைச் சட்டத்திலிருந்து தூக்கி அப்படியே ஒரு சரக்குப் படகில் இறக்குவது, ஓடையைத் தாண்டித் தாகேதா கரையில் சேர்ப்பது என்று முடிவாயிற்று. அக்கரையில் உருட்டிக்கொண்டுபோக மில்லிலிருந்தே பத்து ஆட்களை அனுப்புகிறேன் என்றார் ஊ தெய்ன். தலையை இடித்துக்கொண்டதில் மனிதருக்கு அந்த வீட்டோடு ஏதோ உறவு வந்துவிட்டது போல.

தூக்குகிற நாள் காலையில் ஓடையில் மூடுபனி மாதிரி ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. முந்தின நாள் முதல் மழை ஒரு பாட்டம் தூறிவிட்டுப் போயிருந்தது. பெட்டியைச் சட்டத்தோடு பிணைத்த போல்ட்டுகளைக் கழற்றியாயிற்று. தரைப்பலகையின் நாலு மூலையிலும் கயிறு கட்டித் தூக்கச் சொன்னேன். மில் ஆட்கள் அப்படியே கட்டினார்கள். சங்கிலியை இழுத்ததும் பெட்டி ஒரு சாண் எழும்பியது. உடனே கீழே படீரென்று ஒரு சத்தம். மக்கின பலகை ஒன்று முறிந்து, சட்டத்தில் பட்டுச் சறுக்கி ஓடையில் விழுந்தது. சாவகாசமாக மிதந்து போனது. பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"இறக்கு, இறக்கு!" என்று கத்தினேன். ஒரு சீட்டில் அவர்கள் விலையைக் கெடுத்தது போதாதென்று, வீட்டையும் ஓடையில் போடப் போகிறேன் என்று நடுங்கிவிட்டேன்.

சின்னையா கத்தவில்லை. பெட்டி இறங்கினதும் உள்ளே போய், கட்டிலுக்கு அடியிலிருந்து அகலமான கித்தான் பட்டைகள் இரண்டை இழுத்து வந்தார். குதிரையைக் கப்பலில் ஏற்றும்போது வயிற்றைச் சுற்றிக் கட்டித் தூக்குகிற பட்டைகள்.

"சார், குதிரைய காலப் புடிச்சுத் தூக்குவாங்களா?" என்றார், அதே சன்னமான குரலில். "வயித்தோட அணைச்சுத் தூக்கணும்."

தரையை விட்டுவிட்டு, அடியில் ஓடுகிற இரண்டு தேக்கு உத்திரங்களையும் சேர்த்து அணைத்தாற்போல முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று பட்டைகளைக் கட்டினார். கட்டினவர் ஒதுங்கிப் போகவில்லை. பெட்டியின் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, நாக்கை மேலண்ணத்தில் தட்டி மெல்ல "டொக், டொக்" என்று சத்தம் கொடுத்தார். மிரளுகிற குதிரையைச் சமாதானப்படுத்துகிற சத்தம். சங்கிலி இழுத்தார்கள். பெட்டி எழும்பியது. கிறீச்சென்று முனகியது, ஒரு தரம் உடம்பை உதறியது, அப்புறம் அமைதியாக ஆகாயத்தில் நின்றது. கீழே சட்டம் தனியாக, எலும்பும் தோலுமாக, தன்மேல் இருந்தது எங்கே போயிற்று என்று தேடுவது போல நின்றது.

படகு புறப்பட்டபோது மா கின் உள்ளேதான் இருப்பேன் என்று அடம்பிடித்து ஏறிக்கொண்டாள். பச்சைக் கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு தலை வாரினாள். கூரையில் இன்னும் கொஞ்சம் காய்ந்த வேங்கைப் பூ ஒட்டியிருந்தது. ஓடையின் நடுவில், ஆவிக்கு நடுவில், ஒரு பெண் தலை வாரிக்கொண்டிருக்கிற வீடு ஒன்று தண்ணீர்மேல் மெதுவாகப் போனது. எதிரே வந்த சம்பான்காரர்கள் துடுப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

தாகேதாவில் பத்து மரத்தூண்கள் நட்டு, அவற்றின்மேல் பெட்டியை ஏற்றினார்கள். மக்கின பலகையை எல்லாம் பெயர்த்துவிட்டுப் புதுப் பலகை அடித்தார் சின்னையா. லாரி விற்ற பணத்தில் அதற்கும், மேலே ஒரு தகரக் கூரைக்கும், பிரசவத்துக்கும் மிச்சம் இருந்தது. ஆனால் இதெல்லாம் அந்த அதிகாரி ஒப்புக்கொண்டால்தான். அவர் வரவேண்டிய நாளில் நானும் போனேன். அவர் மறுத்தால் எடுத்துச் சொல்ல என்னிடம் ஒரு பெரிய விளக்கம் தயாராக இருந்தது: உத்திரத்தின் கனம், தூணின் ஆழம், கூரையின் சாய்வு. இந்தத் தடவை விடக்கூடாது என்று உள்ளே நின்று புதுப் பலகைகளை ஒவ்வொன்றாக மிதித்துச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி குடையோடு வந்தார். வயதானவர், மெலிந்தவர், சிரிக்காத முகம். நான் பச்சைக் கண்ணாடித் திறப்பு வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க, வீட்டை ஒரு சுற்று சுற்றினார். குனிந்து தூண்களுக்கு நடுவில் எட்டிப் பார்த்தார். சக்கரத்தைத் தேடுகிறார் என்று புரிந்தது. வெளிச்சுவரில் இருந்த குதிரை வளையங்களைப் பார்த்தார். பக்கவாட்டில், அழிக்க மறந்துபோன பழைய லாரி நம்பரைப் பார்த்தார். அதில் ரொம்ப நேரம் நின்றார். மா கின் தனாக்கா மரப்பட்டை அரைத்துப் பூசின கன்னத்தோடு, இரண்டு கையையும் வயிற்றின்மேல் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். சின்னையா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தூறல் தொடங்கியது.

"வாசல் எங்கே?" என்றார் அதிகாரி.

சரியாக மூடுகிறதா என்று பார்க்க நான் தூக்கச் சொல்லியிருந்த சாய்பலகையைச் சின்னையா ஓடிப்போய் இறக்கினார். மூன்று குதிரைகள் பக்கத்தில் பக்கத்தில் ஏறிப்போகிற அகலம். அந்தத் தெருவில் யாருக்கும் அவ்வளவு பெரிய வாசல் கிடையாது.

அதிகாரி அதன் கீழ்முனையில் வந்து நின்றார். நான் என் விளக்கத்தை ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். அவர் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார். பிறகு குனிந்து, வார்ச் செருப்பை ஒவ்வொரு காலாகக் கழற்றி, ஓரமாகச் சேர்த்து வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஏறி உள்ளே வந்தார்.

மா கின் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். உள்ளே நான் மட்டும் பூட்ஸோடு நின்றுகொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டு, குனிந்து, முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தேன்.